வாதி பூவம்மா, பிரதிவாதி தேசப்பன்

காசிமேட்டில் பூவம்மாவைத் தெரியாத காக்கை கிடையாது. விடிந்ததும் கரையில் மீன் எடுத்து, கூடையை நிரப்பி, சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு கிளம்பினாளானால் ராயபுரத்துச் சந்துகள் முழுக்க ஒரு காக்கைக் கூட்டம் அவள் பின்னாலேயே போகும். அவற்றைத் திட்டிக்கொண்டே நடப்பாள். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் பல வீடுகளில் மிளகாய் அரைக்க உட்காருவார்கள். நேற்றைய மீனை இன்றைய மீன் என்று அவள் ஒருநாளும் விற்றதில்லை. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

அவளுக்கென்று இருந்தவை இரண்டுதான். ஒன்று தம்பி தேசப்பன். மற்றது வீடு. ஒன்று மற்றொன்றைத் தின்ற கதையைத்தான் சொல்லப்போகிறேன், வாய் கசக்கிறது.

தேசப்பனைப் பெற்றுப் போட்டுவிட்டு அவர்கள் தாய் போய்விட்டாள். பூவம்மா அப்போது பாவாடை கட்டிய பெண். கைக்குழந்தைக்காரி இருக்கிற வீடாகப் பார்த்து ஏறி இறங்கி, தம்பிக்குப் பால் கெஞ்சி வாங்கினாள். கல்யாணம் ஆகிப் போகும்போதும் இடுப்பில் தம்பியோடுதான் போனாள். புருஷன் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கும் முன்னமே அவனைக் காலரா கொண்டுபோயிற்று. அவன் விட்டுப் போனது கடலைப் பார்த்த ஒரு மனையும் அதில் ஒரு ஓலைக் குடிசையும். பூவம்மா மீன் விற்று அந்தக் குடிசையைச் சுவரெடுத்து ஓட்டு வீடாக்கினாள். அவள் கழுத்து நரம்பு புடைத்துப் போனதற்கு அந்த வீட்டின் ஒவ்வொரு ஓடும் சாட்சி. ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடின வருஷத்தில் தம்பியைத் திருவள்ளூர் பக்கம் ரயிலேற்றிவிட்டு, "குண்டு உய்ந்தா நானும் வூடும் ஒண்ணா போறோம்" என்று கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள்.

தேசப்பனுக்குக் கட்டுமரத்தில் ஏறினால் வாந்தி. கரையில் எல்லோரும் சிரித்தார்கள். பூவம்மா சிரிக்கவில்லை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். அவனும் சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் படித்தான். ஹார்பரில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க் வேலை கிடைத்தது. கால்சட்டை போட்டுக்கொண்டு டிராமில் போகிற தம்பியைத் தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். குணசுந்தரி என்ற பெண்ணைக் கட்டிவைத்தாள். அவர்கள் தண்டையார்பேட்டையில் வாடகைக்குக் குடி போனார்கள். அக்கா வீட்டு மீன் நாற்றம் புதுப் பெண்ணுக்கு ஆகவில்லையாம். அதற்கும் பூவம்மா கோபப்படவில்லை.

சுதந்திரம் வந்த மறு வருஷம் ஒருநாள் தேசப்பன் வந்தான்.

"யக்கா, கார்ப்பரேஷன்காரன் கடலோரத்து மனையெல்லாம் புட்ச்சிக்கப் போறான். பேரு சரியா இல்லாத மனைதான் மொதல்ல பூடும். நீ ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ஒரு கைநாட்டு வெச்சினா வரி உன் பேருக்கு மாறிடும்."

"இன்னிக்கேவா? கூடையில மீனு கீதுடா."

"கூடையோட வா. ஆபீசரு இன்னா கேட்டாலும் ஆமாங்கன்னு ஸொல்லு. வேற வாயத் தொறக்காத."

கூடையை ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனாள். மனசு முழுக்கக் காக்கை மேல் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "தெரிஞ்சுதான் எழுதிக் குடுக்கிறியாம்மா? பணமெல்லாம் வந்து சேர்ந்துதா?" என்று கேட்டார். பணம் என்ற சொல் காதில் இடறியது. தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தலையை ஆட்டினான். "ஆமாங்க" என்றாள். கட்டை விரலில் மை தடவினார்கள். ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசுகிற அந்த வாய், பேச வேண்டிய ஒரே இடத்தில் தம்பி சொன்னான் என்று மூடிக்கொண்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அது கிரயப் பத்திரம் என்பது அவளுக்குத் தெரிந்தது, கோடவுன் கட்டப்போகிற ஒரு கம்பெனியின் ஆட்கள் சங்கிலி கொண்டுவந்து அவள் வாசலை அளந்தபோதுதான். மனை தேசப்பன் பேரில் இருக்கிறது, அவன் எங்களுக்கு விற்கப்போகிறான் என்றார்கள். கூடையைத் தெருவில் போட்டுவிட்டுத் தண்டையார்பேட்டைக்கு ஓடினாள்.

தேசப்பன் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "உனுக்கு அப்பால எனுக்குத்தானே வரப்போவுது? கொஞ்சம் முன்னாடி வந்துச்சு, அவ்ளோதான். ஹார்பர் சரக்க வெளிய எட்த்துக் குடுக்கற கிளியரிங் ஏஜென்சி நான் சொந்தமா வெக்கணும், யக்கா. உன்ன ரோட்லயா வுட்ருவேன்? இங்க பின்னாடி ஷெட்டு ஒண்ணு கீது, அதுல இருந்துக்கோ."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடா."

"கேட்டா குடுத்திருக்க மாட்ட."

அந்த வார்த்தைதான் அவளைக் கோர்ட்டு வரை நடத்தியது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ மாட்டாளோ, அது அவளுக்கே தெரியாது. கேட்காமலே கைநாட்டு வாங்கிவிட்டான் என்பதுதான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. வீட்டை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

போலீஸ் ஸ்டேஷனில், "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போ" என்று இரண்டே வார்த்தையில் முடித்தார்கள். அவள் மீன் போடுகிற வீடுகளில் தம்புச்செட்டித் தெரு வக்கீல் பக்தவச்சலம் வீடும் ஒன்று. வஞ்சிரம் என்றால் உயிரை விடுகிறவர். அடுக்களை வாசலில் உட்கார்ந்து அழுதவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இதுக்கு ரெண்டு கேஸ் இருக்கு, பூவம்மா. மோசடி பண்ணினான்னு கிரிமினல்ல போடலாம். பத்திரம் செல்லாதுன்னு சிவில்ல போடலாம். கிரிமினல் கேஸ் ஆளைப் பிடிக்கும். சிவில் கேஸ் சொத்தைப் பிடிக்கும்."

"ஆளு வாணாம் சாமி. வூடு போதும்."

"முதல்ல ஆளைப் பிடிச்சாத்தான் பயந்துபோய் வீட்டை எழுதிக் குடுப்பான்" என்றார் வக்கீல். உலகம் தெரிந்தவர். தேசப்பனைத்தான் தெரியாது.

ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் முன்னால் பூவம்மா பிரமாணம் எடுத்துப் புகார் சொன்னாள். தம்பிக்குச் சம்மன் போயிற்று. அவன் குற்றவாளிக் கூண்டில் நின்ற அன்றைக்கு அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்தி, "எவ்ளோ நேரமா நிக்கிது புள்ள, குந்த ஒரு ஸ்டூல் போடக்கூடாதா?" என்று சேவகனைக் கேட்டாள். கோர்ட்டே சிரித்தது. பக்தவச்சலம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட லட்சுமணன், ஹார்பரில் தேசப்பனோடு வேலை செய்கிறவன், பத்திரத்தை வரிக்கு வரி படித்துக் காட்டியதாகக் கண்ணை இமைக்காமல் சொன்னான். ரிஜிஸ்தர் ஆபீஸ் ஆள் வந்து, கேட்டது நிஜம், அந்த அம்மாள் ஆமாம் என்றது நிஜம் என்றார். சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத்தான் என்று சொல்லி மாஜிஸ்திரேட் தேசப்பனை விட்டுவிட்டார். வக்கீலுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பூவம்மாவுக்கோ, சொன்னால் வெட்கம், தம்பி ஜெயிலுக்குப் போகவில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

பிறகு சிவில் கோர்ட்டு. காதில் கிடந்த கம்மல் கோர்ட்டு ஸ்டாம்பாக மாறியது. ஐகோர்ட்டு வளாகத்தின் நீள வராந்தாக்களில் அவள் கால் தேய்ந்தது. ஒருநாள் ஜட்ஜ் லீவு, ஒருநாள் எதிர்க்கட்சி வக்கீலுக்கு ஜுரம், ஒருநாள் ஒரு காரணமும் இல்லாமல் வாய்தா. வாய்தா நாளில் வியாபாரம் கிடையாது. வாடிக்கை வீடுகள் வேறு மீன்காரியைப் பார்த்துக்கொண்டன. வழக்கு முடியும்வரை கம்பெனிக்காரனும் வாங்காமல் காத்திருந்தான். அவனுக்கென்ன, காத்திருப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பான்.

தேசப்பன் தாக்கல் செய்த எதிர்வாதத்தை வக்கீல் ஒருநாள் படித்துக் காட்டினார். பாதியில் நிறுத்தி அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தார். பூவம்மா விடவில்லை. "வுட்டத படி சாமி."

"வாதி தன்னைத் தாய்போல் வளர்த்ததாகச் சொல்வதை இந்தப் பிரதிவாதி மறுக்கிறார். அதை வாதி ருசுப்படுத்த வேண்டும்."

"ருசுப்படுத்தணுமா?"

"அது வக்கீல் எழுதறது, பூவம்மா. ஒத்துக்காததை எல்லாம் மறுத்துடணும், இல்லேன்னா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். எல்லா கேஸ்லயும் இப்படித்தான் எழுதுவோம். மனசுல வெச்சுக்காதே."

"அவன் கையெய்த்துப் போட்டுக்கீறானா அதுல?"

"போட்டிருக்கான்."

அன்றைக்குத் தம்புச்செட்டித் தெருவிலிருந்து காசிமேடு வரை டிராம் ஏறாமல் நடந்தே வந்தாள். பால் கொடுத்த பெண்களில் யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், யாரைக் கூப்பிட்டால் கோர்ட்டுக்கு வந்து சொல்வார்கள் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். யோசிக்க யோசிக்க அவமானமாக இருந்தது. தான் வளர்த்ததற்குத் தானே சாட்சி தேடுகிற கொடுமை எந்தத் தாய்க்கு வந்திருக்கிறது?

சாட்சி விசாரணை அவளுக்குச் சாதகமாகப் போகவில்லை. எதிர்க்கட்சி வக்கீல் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். ஆபீசர் கேட்டபோது ஆமாம் என்றாயா? சொன்னேன். ஆமாம் என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? தெரியும். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் பக்தவச்சலம் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேறுவது கஷ்டம் என்றார்.

அப்போதுதான் பூவம்மா அதைச் சொன்னாள். "எல்லையம்மன் கோயில்ல அவன கப்பூரம் அணைக்கச் சொல்லு சாமி. நான் தெரிஞ்சுதான் எய்திக் குடுத்தேன்னு அம்மன் எதுர்ல கப்பூரத்த அணைச்சிட்டான்னா, வூடு அவனுது. நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்."

குப்பத்தில் வழக்குத் தீர்கிற முறை அது. வலை அறுந்த சண்டையானாலும் பிடித்த மீனில் பாடு பிரிக்கிற சண்டையானாலும், கடைசியில் ஈர வேட்டியோடு அம்மன் முன்னால் நின்று, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் அது செய்தவனை விட்டுவிடும், அவன் பிள்ளையைப் பிடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தட்டு வரை வந்துவிட்டு, காலில் விழுந்து பொய்யை ஒத்துக்கொண்டவர்களைத்தான் பூவம்மா பார்த்திருக்கிறாள். அணைத்தவனைப் பார்த்ததில்லை.

வக்கீல் பதறிப்போனார். "சட்டத்துலயே அதுக்கு வழி இருக்கு. ஒரு கட்சி கேட்டு, இன்னொரு கட்சி சம்மதிச்சா ஜட்ஜ் உத்தரவு போடுவார். ஆனா அவன் அணைச்சிட்டா அதுதான் முடிவான சாட்சியம். அதுக்கு மேல நான் வாயைத் திறக்க முடியாது. தெரிஞ்சு பேசறியா?"

"அணைக்க மாட்டான் சாமி. கொயந்த கீது அவனுக்கு."

தேசப்பனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்ததால் அத்தைக்கு அதைத் தூக்கிப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தூரத்தில் பார்த்ததோடு சரி.

கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டபோது தேசப்பன் முதலில் தன் வக்கீலைப் பார்த்தான். பிறகு சம்மதம் என்றான். கோயிலுக்கு வந்து சத்தியத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள இளவயது வக்கீல் ஒருவரைக் கமிஷனராக நியமித்தார்கள். கோர்ட்டு மாடியில் நின்று சம்மதம் என்பான், அம்மன் முகத்தைப் பார்த்தால் உடைந்துவிடுவான் என்று பூவம்மா உறுதியாக இருந்தாள். அத்தனை நாளில் முதல் முறையாக அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் குப்பம் முழுக்கக் கோயில் வாசலில் கூடிவிட்டது. யாரும் கடலுக்குப் போகவில்லை. ஊர்ப் பெரிய நாட்டார் கோதண்டம் தட்டில் கற்பூரத்தை வைத்தார். கமிஷனர் செருப்பைக் கழற்றிவிட்டு, காகிதக் கட்டோடு ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த நேரம் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு குணசுந்தரியும் வந்து நின்றாள். குழந்தை நாக்கை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தது. அச்சு அசல் தேசப்பன், அந்த வயசில் அவனும் இப்படித்தான் நாக்கை நீட்டுவான் என்று பூவம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

தேசப்பன் குளித்து ஈர வேட்டியோடு வந்தான். கற்பூரத்தைக் கொளுத்தினார்கள். கமிஷனர் வாசகத்தைப் படித்தார்: பத்திரம் வாதிக்குப் படித்துக் காட்டப்பட்டு, விவரம் தெரிந்தே அவர் கைநாட்டு வைத்தார்.

கோதண்டம் கெஞ்சுகிற குரலில், "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போவல, நைனா. அக்கா கால்ல உய்ந்துடு. எல்லாம் சரியாப்பூடும்" என்றார்.

தேசப்பன் தட்டுக்கு முன்னால் போய் நின்றான். தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தான். பூவம்மா அவனைப் பார்த்துத் தலையை மெதுவாக ஆட்டினாள். வா, சொல்லிவிடு, நான் இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம். பல வருஷத்துக்கு அப்புறம் அவன் அவளை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். அந்த ஒரு பார்வைக்கே வீட்டைக் கொடுத்துவிடலாம் போல அவளுக்கு இருந்தது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். வாசகத்தை ஒரே மூச்சில் சொன்னான். உள்ளங்கையை நெருப்பின் மேல் வைத்து அழுத்தினான்.

கோதண்டம் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தேசப்பனுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். நகர்ந்தவர்கள் எல்லோருடைய கண்ணும் போய் நின்ற இடம் குணசுந்தரியின் இடுப்பு. அது புரிந்ததும் குணசுந்தரி முந்தானையால் குழந்தையை மூடினாள்.

பூவம்மா அதைப் பார்த்தாள். வீடு போனது அவளுக்கு அப்போது உறைக்கவே இல்லை. அவளுக்கு ஒரே ஒரு பயம்தான் வந்தது. பொய்ச் சத்தியம் பிள்ளையைப் பிடிக்கும். சத்தியம் பொய்யாக இருந்தால்தானே பிடிக்கும்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்மனுக்கு நேராகப் போய் நின்றாள். அந்த நீள வாய் முழுசாகத் திறந்தது.

"அவன் ஸொன்னது நெசம்! நான் தெரிஞ்சுதான் கைநாட்டு வெச்சேன். படிச்சிக் காட்னாங்க, கேட்டுக்கினுதான் வெச்சேன். பணமும் வாங்கிக்கினேன். நான்தான் பொய்க் கேசு போட்டேன். பாவம் எந்து. அவன் மேல ஒண்ணும் இல்ல, அவன் புள்ள மேல ஒண்ணும் இல்ல!"

கமிஷனர் பதறி எழுந்தார். "அம்மா, பிரதிவாதியோட சத்தியத்தை மட்டும்தான் நான் எழுதணும். நீங்க சொல்றதை எழுத எனக்கு உத்தரவு இல்லை."

பூவம்மா திரும்பாமலே சொன்னாள். "உனுக்கு ஸொல்லல சாமி."

வழக்குத் தள்ளுபடியானது. பக்தவச்சலம் அவளைக் கூப்பிட்டு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, நாளைக்கு நல்ல சங்கரா மீனு வருது சாமி, எடுத்துக்கினு வரட்டா என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. குப்பம் வேறு மாதிரி. பொய் வழக்குக்கு அம்மனை இழுத்தவள் என்று ஊர் கூடி அவளை ஒதுக்கிவைத்தது. ஏலம் எடுக்கிற இடத்தில் அவளுக்குக் கூடை வைக்க இடம் கொடுக்கவில்லை. அதுவரை அவளுக்காக அழுதவர்களே அவளைக் கண்டால் காறித் துப்பினார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் மாறியிருக்கும். அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை.

தேசப்பன் வாங்கிய உத்தரவோடு கோர்ட்டு அமீனா வந்து வீட்டை ஒப்படைக்கச் சொன்ன அன்று ஒரு மூட்டையோடு திருவொற்றியூருக்குப் போனாள். அங்கே யாரோ ஒருத்தி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒண்டிக்கொண்டு, கோயில் தெருப் பக்கம் கருவாடு விற்றாள். பச்சை மீன் எடுக்க அவளுக்குக் கரை இல்லையே. காசிமேட்டு மனையில் கோடவுன் எழும்பியது. தேசப்பனின் கிளியரிங் ஏஜென்சியும் நன்றாகத்தான் நடந்தது.

ரொம்ப நாள் கழித்து ஒரு மத்தியானம் அவன் அவளைத் தேடிக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான். கருவாட்டுக் கூடைக்கு முன்னால் வந்து நின்றான். சுற்றிலும் ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"யக்கா..."

பூவம்மா ஈ ஓட்டுவதை நிறுத்தினாள். "கொயந்த நல்லா கீதா?"

"நல்லா கீது யக்கா. இஸ்கூல் போவுது."

"அப்ப போ" என்றாள் பூவம்மா.